இகழ்ச்சிக்கு எந்த ஆங்கிலச் சொல்? கண்டெம்ப்ட், டிஸ்டெய்ன், ஸ்கார்ன், டெஸ்பைஸ்: ஓர் ஒப்பீடு

'அவர் அவனை இகழ்ந்தார்' என்ற மூன்று சொல் வாக்கியத்தை ஆங்கிலத்தில் எழுத முற்பட்டு அகராதியைத் திறந்தவர்களுக்கு அங்கே காத்திருக்கும் சிக்கல் தெரியும். கண்டெம்ப்ட் என்ற சொல்லுக்குப் பொருளாக ஸ்கார்ன் என்று போட்டிருக்கும். ஸ்கார்னைப் பார்த்தால் டிஸ்டெய்ன் என்று இருக்கும். டிஸ்டெய்னைத் தேடிப் போனால் மீண்டும் கண்டெம்ப்டுக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். மொழிபெயர்ப்பவர்களும் ஆங்கிலத்தில் கட்டுரையோ கடிதமோ எழுதுபவர்களும் 'இவற்றுள் எதை எங்கே போடுவது?' என்று கேட்பதற்கு இந்தச் சுற்றலே காரணம். அகராதி இவற்றை ஒரே பொருள் கொண்டவை போலக் காட்டினாலும், ஆங்கிலம் பேசுபவரின் காதில் இவை ஒன்றுபோல ஒலிப்பதில்லை. அந்த வேறுபாட்டின் பெரும்பகுதி இச்சொற்கள் பிறந்த இடத்திலேயே இருக்கிறது. எஞ்சிய பகுதி, பிறந்த இடத்தை விட்டு அவை விலகிப் போன கதையில் இருக்கிறது.

எதை வைத்து அளப்பது?

நான்கு கேள்விகள் போதும். முதலாவது, நீங்கள் சொல்ல வருவது மனத்துக்குள் இருக்கும் உணர்வா, வெளியே தெரியும் செயலா என்பது. இரண்டாவது, இகழ்பவர் தம்மை மேலே நிறுத்திக்கொண்டு இகழ்கிறாரா, அல்லது மேல் கீழ் என்ற எண்ணம் இல்லாமலே இகழ்கிறாரா என்பது. மூன்றாவது சூடு: கண்டும் காணாததுபோல் கடந்து போகும் அலட்சியமும் பல்லைக் கடிக்கும் வெறுப்பும் தமிழில் எவ்வளவு தொலைவில் இருக்கின்றனவோ, ஆங்கிலத்திலும் அவ்வளவு தொலைவில்தான் இருக்கின்றன. நான்காவது இலக்கணம். ஒரு சொல்லுக்குப் பெயர்வடிவம் இருக்கும், வினைவடிவம் வழக்கிழந்திருக்கும். இன்னொன்று வினையாக மட்டுமே வாழும். பொருள் பொருந்தியும் வாக்கியத்தில் உட்கார மறுக்கும் சொல்லால் பயனில்லை.

சொல்லின் மூலத்தை நான் ஐந்தாவது அளவுகோலாக வைக்கவில்லை. ஒரு சொல்லின் தொனி ஏன் இப்படி இருக்கிறது என்பதை மூலம் விளக்கும். ஆனால் இன்று அதை எப்படி எழுத வேண்டும் என்ற தீர்ப்பை வழக்குத்தான் சொல்லும். இரண்டும் மோதும் இடங்கள் கீழே வருகின்றன.

| சொல் | மூலத்தில் இருக்கும் படம் | மனமா, செயலா? | சூடு | மறைந்திருக்கும் விலை |
|---|---|---|---|---|
| கண்டெம்ப்ட் | மதியாமல் ஒதுக்குதல் | மனம். சட்டத்தில் மட்டும் செயல் | குளிர்ச்சி | வினைவடிவம் வழக்கில் இல்லை |
| டிஸ்டெய்ன் | தகுதியற்றதெனக் கருதுதல் | மனமும் தோரணையும் | குளிர்ச்சி | இகழ்பவரையே கர்வி ஆக்கிவிடும் |
| ஸ்கார்ன் | கேலி செய்தல் | பெரும்பாலும் செயல் | சூடு | சற்றே இலக்கிய வாடை |
| டெஸ்பைஸ் | கீழ்நோக்கிப் பார்த்தல் | மனம் | கொதிப்பு | இன்று வெறுப்பையே குறிக்கிறது |
| டெரிஷன் | பார்த்துச் சிரித்தல் | செயல் | மிதம் | சிரிப்பு இல்லாத இடத்தில் பொருந்தாது |
| கண்டெசென்ஷன் | இறங்கி வருதல் | செயல் | இதமான முகமூடி | பழைய நூல்களில் நற்பண்பு |

கண்டெம்ப்ட்

லத்தீனில் 'டெம்னெரே' என்றால் பொருட்படுத்தாமல் இருத்தல். அதனுடன் அழுத்தம் தரும் முன்னொட்டுச் சேர்ந்து 'கொன்டெம்னெரே' ஆகி, அதிலிருந்து வந்த பெயர்ச்சொல் 14ஆம் நூற்றாண்டின் இறுதிவாக்கில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. இந்தச் சொல்லின் குளிர்ச்சியை மிகத் துல்லியமாகப் பிடித்தவர் தத்துவவாதி தாமஸ் ஹாப்ஸ். 1651இல் வெளிவந்த லெவயத்தன் நூலில் அவர், நாம் விரும்பவும் செய்யாத, வெறுக்கவும் செய்யாத பொருள்களையே இகழ்கிறோம் என்றும், இகழ்ச்சி என்பது நெஞ்சம் அசையாமல் நிற்பதுதான் என்றும் எழுதினார். வெறுக்கப்படுபவருக்காவது நம் நெஞ்சில் ஓர் இடம் உண்டு. கண்டெம்ப்டுக்கு ஆளானவருக்கு அதுவும் இல்லை. 'கண்டெம்ப்ட் ஃபார் டேஞ்சர்', அதாவது ஆபத்தைத் துச்சமாக மதித்தல், ஆங்கிலத்தில் பாராட்டாக இருக்க முடிவதும் இதனால்தான். ஆபத்தை வெறுப்பவர் வீரர் அல்லர். அதைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளாதவரே வீரர்.

உளவியலிலும் இச்சொல்லுக்குத் தனி இடம் உண்டு. மணவாழ்வை ஆராய்ந்த ஜான் காட்மன், உறவை முறிக்கும் நான்கு நடத்தைகளுள் மிகக் கொடியதாகக் கண்டெம்ப்டையே குறிப்பிட்டார். கோபமும் சண்டையும்கூட அந்த அளவுக்கு அஞ்சத்தக்கவை அல்ல என்பது அவர் கருத்து. முகபாவங்களை ஆராய்ந்த பால் எக்மன், வாயின் ஒரு மூலை மட்டும் இறுகி உயர்வதை இந்த உணர்வின் அடையாளமாகக் காட்டினார். எனவே உளவியல் சார்ந்த எழுத்தில் இச்சொல்லுக்குப் பதிலாக வேறொன்றைப் போடக் கூடாது. அங்கே அது ஒரு கலைச்சொல்.

சட்டத்தில் கதை வேறு. நீதிமன்ற அவமதிப்பு என்று நாம் சொல்லும் 'கண்டெம்ப்ட் ஆஃப் கோர்ட்' ஓர் உணர்வைக் குறிப்பதில்லை. நீதிமன்றத்தின் மேல் மனம் நிறைந்த மரியாதை வைத்திருக்கும் ஒருவர், அதன் ஆணையைத் தெரிந்தே நிறைவேற்றாமல் விட்டால், அதுவும் அவமதிப்பே. ஆகவே வழக்கு, மனு, ஆணை ஆகியவற்றின் அருகில் இச்சொல்லைச் சாதாரணப் பொருளில் போட்டால், படிப்பவர் குற்றச்சாட்டு என்றே எடுத்துக்கொள்வார். அத்தகைய இடத்தில் டிஸ்டெய்ன் பாதுகாப்பானது.

இச்சொல் கேட்கும் விலைகள் இரண்டு. முதலாவது, இதன் வினைவடிவமான 'கண்டெம்' இன்று பழைய நூல்களில் மட்டுமே உயிரோடு இருக்கிறது. அதுபோக, குற்றவாளி எனத் தீர்ப்பளித்தல் என்ற பொருளுடைய, முற்றிலும் வேறு மூலத்திலிருந்து வந்த இன்னொரு சொல்லோடு ஒலியில் ஒட்டிக்கொள்கிறது. தமிழ் எழுத்தில் இரண்டையும் பிரித்துக் காட்டவே முடியாது. வினை வேண்டுமென்றால் 'ஹோல்ட் இன் கண்டெம்ப்ட்' என்று சுற்றி வளைத்துத்தான் எழுத வேண்டும். இரண்டாவது விலை பெயரடையில் இருக்கிறது. கண்டெம்ப்சுவஸ் என்பது இகழ்பவரின் தன்மை. கண்டெம்ப்டிபிள் என்பது இகழப்படுவதற்கு உரியதன் தன்மை. இவற்றை மாற்றிப் போட்டால், ஆணவமாகப் பேசினார் என்று எழுத நினைத்த இடத்தில் இழிந்த பிறவி என்று எழுதியதாகிவிடும்.

இந்த இரண்டாவது பெயரடைக்கு ஒரு வரலாறும் உண்டு. 1914இல் ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம், பிரான்ஸில் இறங்கிய பிரிட்டிஷ் படையைக் கண்டெம்ப்டிபிள் என்று தம் ஆணையில் குறிப்பிட்டதாகச் செய்தி பரவியது. அந்தப் படையில் எஞ்சியவர்கள் தங்களை 'ஓல்ட் கண்டெம்ப்டிபிள்ஸ்' என்று பெருமையோடு அழைத்துக்கொண்டார்கள். பிற்பாடு தேடியவர்களுக்கு அப்படி ஓர் ஆணை ஜெர்மன் ஆவணங்களில் கிடைக்கவில்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

டிஸ்டெய்ன்

லத்தீனில் 'டிக்னுஸ்' என்றால் தகுதியுடையது. பழைய பிரெஞ்சு வழியாக, 'தகுதியுடையதெனக் கருதாமை' என்ற பொருளோடு டிஸ்டெய்ன் ஆங்கிலத்துக்கு வந்தது. கண்ணியத்தைக் குறிக்கும் டிக்னிட்டி, மனமிரங்கி ஒன்றைச் செய்வதைக் குறிக்கும் டெய்ன், தகாததைக் கண்டு எழும் சினத்தைக் குறிக்கும் இண்டிக்னேஷன், நேர்த்தியான சிறுபொருளைக் குறிக்கும் டெய்ன்டி ஆகிய அனைத்தும் இதே குடும்பம்.

குடும்பத்தைத் தெரிந்துகொண்டால் தொனி தானாகவே பிடிபடும். டிஸ்டெய்ன் என்ற சொல்லுக்குள் எப்போதும் ஒரு தராசு இருக்கிறது. அந்தத் தராசைப் பிடித்திருப்பவர் இகழ்பவர். எனவே இச்சொல் இகழப்படுபவரைப் பற்றிச் சொல்வதைவிட, இகழ்பவர் தம்மை எங்கே வைத்திருக்கிறார் என்பதைப் பற்றியே அதிகம் சொல்கிறது. இதுவே இதன் பலம், விலையும் இதுவே. லஞ்சம் வாங்குபவரை ஒரு நேர்மையானவர் இகழ்ந்தார் என்று எழுதும்போது டிஸ்டெய்ன் போட்டால், நேர்மையானவரின் மூக்கு சற்று உயர்ந்துவிடுகிறது. வாசகரின் அனுதாபம் அவரை விட்டு நழுவுகிறது. அங்கே கண்டெம்ப்ட் போட்டால் அந்தக் கறை படியாது. மாறாக, ஒரு பிரபு தம் பணியாளரை ஏறிட்டும் பார்க்காமல் கடந்து போவதை எழுதும்போது டிஸ்டெய்னுக்கு இணையான சொல் ஆங்கிலத்தில் இல்லை.

இலக்கணத்தில் இது தாராளமானது. பெயராகவும் வினையாகவும் ஒரே வடிவத்தில் வரும். பின்னால் இன்னொரு வினையையும் ஏற்கும். பதில் சொல்வதைத் தம் தகுதிக்குக் குறைவாக நினைத்து ஒருவர் வாய் திறக்காமல் இருப்பதை, 'டிஸ்டெய்ன்ட் டு ஆன்ஸர்' என்று மூன்றே சொற்களில் முடித்துவிடலாம்.

ஸ்கார்ன், டெரிஷன்

மேலே கண்ட இரண்டும் லத்தீன் வழி வந்தவை. ஸ்கார்னும் பிரெஞ்சு வழியாகத்தான் வந்தது என்றாலும், அதன் வேர் ஜெர்மானியக் கிளையில் கேலி செய்தலைக் குறித்த ஒரு பழைய சொல். 1200 வாக்கிலேயே ஆங்கிலத்தில் காணப்படும் இச்சொல், இன்றும் வாயை விட்டு மனத்துக்குள் முழுமையாக ஒதுங்கவில்லை. 1611ஆம் ஆண்டின் ஆங்கில விவிலிய மொழிபெயர்ப்பில், 22ஆம் சங்கீதத்தில், 'லாஃப் மீ டு ஸ்கார்ன்' என்று வருவது, சிரித்து இழிவுபடுத்துவதையே குறிக்கிறது. ஒருவர் மேல் ஸ்கார்னை ஊற்றலாம், குவிக்கலாம் என்பது ஆங்கில மரபு. கண்டெம்ப்டை அப்படி ஊற்றுவது வழக்கமில்லை. பேச்சிலும் எழுத்திலும் வெளிப்பட்ட இகழ்ச்சியைச் சொல்ல வேண்டுமென்றால் ஸ்கார்னே முதல் தேர்வு. விமர்சகர் ஒரு நாடகத்தைக் கிழித்துத் தொங்கவிட்டார் என்பதற்கு இது பொருந்தும். பார்த்துவிட்டு ஒரு வரிகூட எழுதாமல் விட்டார் என்பதற்குப் பொருந்தாது.

வில்லியம் காங்கிரீவ் 1697இல் எழுதிய ஒரு துன்பியல் நாடகத்தின் வரி, இகழப்பட்ட பெண்ணின் சீற்றம் நரகத்திலும் இல்லை என்ற பழமொழியாகச் சுருங்கி, பலராலும் ஷேக்ஸ்பியருடையது என்று நம்பப்படுகிறது. அங்கே ஸ்கார்ன் குறிப்பது கேலியை அன்று. காதலை மறுத்துத் தள்ளுவதை. அந்தப் பொருளில் இன்று எழுதுபவர்கள் ஸ்பர்ன் என்ற சொல்லையே எடுக்க வேண்டும். காலால் உதைத்தல் என்று பொருள்பட்ட பழைய ஆங்கில வினை அது. குதிரை ஓட்டுபவர் குதிகாலில் அணியும் முள்ளைக் குறிக்கும் ஸ்பர் அதன் உறவு. அழைப்பு, உதவி, காதல் என ஒருவர் நீட்டியதை உதறும் இடங்களுக்கு அதைவிடப் பொருத்தமான சொல் இல்லை.

டெரிஷன் இன்னும் குறுகியது. சிரித்தலைக் குறிக்கும் லத்தீன் 'ரிடெரே'யிலிருந்து வந்ததால், ரிடிக்யூலுக்கு உடன்பிறப்பு. நகை பிறக்கும் நான்கு நிலைக்களங்களுள் எள்ளலை முதலில் வைத்த தொல்காப்பியத்தைப் படித்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது எளிது: எள்ளல் என்று நாம் எழுதும் இடமெல்லாம் டெரிஷன் நிற்கும், வெறும் இகழ்ச்சி என்று எழுதும் இடத்தில் நிற்காது. கூட்டமாகச் செய்யும் கேலிக்கு இது மிகவும் ஏற்றது. தனி ஒருவரின் மௌனமான இகழ்ச்சிக்கு இதைப் போடுவது பிழை.

பக்கத்திலேயே ஸ்காஃப் என்ற சொல் இருக்கிறது: நம்பாமல், 'போயும் போயும் இதுவா' என்று கேலியாகத் தள்ளுவது. அமெரிக்காவில் மதுவிலக்கு நடப்பில் இருந்த காலத்தில், சட்டத்தை மதியாமல் குடிப்பவர்களைக் குத்திக்காட்ட ஒரு சொல் வேண்டுமென்று 200 டாலர் பரிசு அறிவித்துப் போட்டி நடத்தினார்கள். 1924இல் தேர்வான சொல் ஸ்காஃப்லா. குடிப்பவர்கள் அதைக் கேட்டு வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை. அதே பெயரில் ஒரு மதுக்கலவை மட்டும் விரைவில் வந்துவிட்டது.

டெஸ்பைஸ்

மூலமும் வழக்கும் மோதும் இடம் இது. லத்தீன் 'டெஸ்பிகெரே'க்கு நேர்ப்பொருள் கீழ்நோக்கிப் பார்த்தல். பார்த்தல் என்ற அதே வேரிலிருந்துதான் ரெஸ்பெக்ட்டும் வந்தது. அது திரும்பிப் பார்த்தல். ஒரே பார்வை, திசை மட்டும் வேறு. வன்மத்தைக் குறிக்கும் ஸ்பைட், 'இருந்தபோதிலும்' என்று நாம் மொழிபெயர்க்கும் டெஸ்பைட் ஆகியவையும் இதே குடும்பத்தவை. மழையையும் மீறி வந்தார் என்ற ஆங்கில வாக்கியத்துக்குள், மழையைத் துச்சமாக மதித்து வந்தார் என்ற பழைய பொருள் மங்கலாக இன்னும் கிடக்கிறது.

பழைய நூல்களில் டெஸ்பைஸ் உண்மையாகவே இகழ்ச்சிதான். 1611ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பில் ஏசாயா 53ஆம் அதிகாரத்தில் வரும் டெஸ்பைஸ்ட், மக்களால் ஒரு பொருட்டாக எண்ணப்படாதவரைக் குறிக்கிறது, வெறுக்கப்பட்டவரை அன்று. ஆனால் இன்றைய ஆங்கிலத்தில் ஒருவர் 'ஐ டெஸ்பைஸ் ஹிம்' என்றால், கேட்பவர் காதில் விழுவது கடும் வெறுப்பு. ஊழியர் தம் மேலதிகாரியை டெஸ்பைஸ் செய்யலாம். கீழே இருப்பவர் மேலே இருப்பவரைக் கீழ்நோக்கிப் பார்ப்பது எப்படி என்று யாரும் கேட்பதில்லை. ஹாப்ஸ் சொன்ன அசையாத நெஞ்சம் இங்கே கொதித்துக்கொண்டிருக்கிறது.

ஆகவே வினைச்சொல் தேடி வந்தவர்கள், கண்டெம்ப்டுக்கு வினை இல்லையே என்பதற்காக மட்டும் டெஸ்பைஸை எடுத்துக்கொள்ளக் கூடாது. அலட்சியம் என்று மூலத்தில் இருந்தால் மொழிபெயர்ப்பில் பகை என்றாகிவிடும். இகழ்ச்சியும் வெறுப்பும் ஒரே மனத்தில் சேர்ந்திருக்கும்போது மட்டும் இது சரியான தேர்வு. அப்போது வேறெதுவும் இதற்கு ஈடாகாது. இதன் பெயரடையான டெஸ்பிக்கபிள், கண்டெம்ப்டிபிளைப் போலவே இகழப்படுவதன் பக்கம் நிற்கும், ஆனால் அதைவிட ஒழுக்கக் கண்டனம் அதிகம்: கண்டெம்ப்டிபிள் அற்பமானது, டெஸ்பிக்கபிள் கேடுகெட்டது.

மேலிருந்து இறங்குபவை, மதிப்பைக் குறைப்பவை

கண்டெசென்ஷன் என்றால் இறங்கி வருதல். 1755இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் அகராதியில் இது, உயர்ந்தவர் தாமே முன்வந்து தாழ்ந்தவரோடு சமமாகப் பழகும் பண்பு. ஜேன் ஆஸ்டின் 1813இல் வெளியிட்ட நாவலில் வரும் பாதிரியார் காலின்ஸ், தம்மை ஆதரிக்கும் சீமாட்டியின் கண்டெசென்ஷனை வாயாரப் புகழ்கிறார். அவர் புகழ்வதும் வாசகர் சிரிப்பதும் ஒரே சொல்லுக்காக. மேல் கீழ் என்ற ஏற்பாட்டையே மக்கள் ஏற்க மறுக்கத் தொடங்கிய பின், இறங்கி வருவது என்பதே அவமதிப்பாக மாறியது. ஒருவர் கனிவாகவே பேசியும் கேட்பவருக்குச் சுருக்கென்று தைக்கும் இடங்களில் இதைப் போடுங்கள். வெளிப்படையான ஏளனத்துக்கு இது உதவாது. புரவலரைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பேட்ரனைஸும் இதே வேலையைச் செய்யும், ஆனால் கடைக்கு வாடிக்கையாளராக இருப்பதையும் அதே சொல் குறிக்கும் என்பதால் சூழலைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பேச்சால் ஒருவரின் மதிப்பைக் குறைப்பதற்கு டிஸ்பேரேஜ், பிலிட்டில் என்ற இரண்டு போட்டியிடுகின்றன. டிஸ்பேரேஜ் முதலில் குறித்தது, குலத்தில் தாழ்ந்தவருக்கு மணம் முடித்துக் கொடுத்து இழிவுபடுத்துவதை. சமம் என்ற பொருளுடைய லத்தீன் 'பார்' அதற்குள் இருக்கிறது. அந்தப் பொருள் மறைந்து, இன்று பின்னால் குறைகூறுவதற்கு, குறிப்பாகச் சரக்கையோ நிறுவனத்தையோ பற்றி மட்டமாகப் பேசுவதற்கு, அது அலுவல் நடைச் சொல். பிலிட்டில் அமெரிக்கச் சொல். புதிய கண்டத்து விலங்குகள் பழைய கண்டத்தவற்றைவிடச் சிறுத்துப்போனவை என்ற பிரெஞ்சு இயற்கை அறிஞர் பூஃபோனின் வாதத்தை மறுத்து எழுதுகையில், 1780களில் தாமஸ் ஜெஃபர்சன் அதை வழங்கினார். லண்டன் இதழ் ஒன்று அந்தச் சொல்லையே கிண்டல் செய்தது. ஜெஃபர்சனோ சொல்லோடு நிற்காமல், 1787இல் ஒரு பெரிய மூஸ் மானின் எலும்பையும் தோலையும் பாரிஸுக்கு வரவழைத்துப் பூஃபோனுக்கு அனுப்பினார். முகத்துக்கு நேரே ஒருவரைச் சிறுமைப்படுத்துவதற்குப் பிலிட்டில்தான் இன்று இயல்பான சொல்.

மூக்கும் புருவமும்

சொல்லைவிட முகமே இகழ்கிறது என்றால் ஸ்னீர். ஸ்னிஃப், ஸ்னார்ட், ஸ்னவுட் என்று மூக்கைச் சுற்றிய ஆங்கிலச் சொற்கள் பலவும் இதே ஒலியில் தொடங்குகின்றன. இகழ்ச்சி பெரும்பாலும் மூக்கையும் வாயையும் சுற்றிய அசைவுகளில் தெரிகிறது என்று டார்வின் 1872இல் எழுதியதை இதனோடு வைத்துப் பார்க்கலாம். கண்டுகொள்ளாமல் புறக்கணிப்பதற்கு ஸ்னப். புருவத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த சூப்பர்சிலியஸ், புருவம் உயர்த்திய கர்வத்துக்கு. ஆனால் பேச்சு நடையில் அது கனமாகத் தெரியும்.

காண்ட்யூமலி

பழைய நூல்களில் இதைச் சந்தித்தவர்கள் தாங்களும் எழுத ஆசைப்படுவதுண்டு. லத்தீனில் வசை, அவமானம் என்ற பொருள் கொண்ட 'கொன்டுமெலியா' இதன் மூலம். ஈற்றைப் பார்த்து வினையடை என்று நினைக்கத் தோன்றும், ஆனால் இது பெயர்ச்சொல். அதனாலேயே இன்றைய வாசகர் இதில் தடுக்கி விழுவார். ஹாம்லெட்டின் புகழ்பெற்ற தனிமொழியில் கர்விகளின் அவமதிப்புக்குக் காண்ட்யூமலி என்றும், தகுதியற்றவர்களிடம் பொறுமைசாலி படும் உதைகளுக்கு ஸ்பர்ன்ஸ் என்றும் ஷேக்ஸ்பியர் பிரித்தே போட்டிருக்கிறார். இடையில் வரும் காதல், ஒரு பழைய பதிப்பில் டெஸ்பைஸ்ட் என்றும் 1623ஆம் ஆண்டின் பெரும்பதிப்பில் மதிக்கப்படாதது என்ற பொருளில் டிஸ்பிரைஸ்ட் என்றும் இருக்கிறது; எது அவர் எழுதியது என்று பதிப்பாசிரியர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. பழங்காலத்தில் நிகழும் கதையில் ஒரு கர்வியின் வசையைச் சொல்ல நேர்ந்தால் காண்ட்யூமலியை ஒருமுறை எழுதலாம். அலுவல் கடிதத்திலும் செய்திக் கட்டுரையிலும் அதே இடத்தில் இன்சல்ட் என்று எழுதிவிட்டுப் போவதே நல்லது.